மழை விடாத சனி, ஞாயிறு: வீட்டுக்கு எதை வாங்குவது?

வடகீழ்ப் பருவமழை இறங்கியதும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். வெள்ளி இரவு தொடங்கிய மழை திங்கள் காலைவரை விடாது, வீட்டில் எல்லாரும் இருப்பார்கள், கரண்ட் இருக்காது. அப்படியான நாட்களுக்கென வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மகள் டொரண்டோவில். பனி கொட்டும் வார இறுதியில் எல்லாரும் கரண்ட் போர்வைக்குள்தான் இருப்பார்களாம். ஜனவரியில் வரும்போது எனக்கும் ஒன்று கொண்டுவரவா என்று கேட்கிறாள். இங்கே பாவிக்கலாமா? (கல்லடி)

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. கடையில் விற்கும் அடப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. 100 வாட் போர்வையை அப்படியே செருகினால் அது 360 வாட்டுக்கு மேல் இழுக்கும். முதலில் கட்டுப்பாட்டுப் பெட்டி கருகும். அது கருகாவிட்டால் கம்பி சூடேறிப் படுக்கையே பற்றக்கூடும். ட்ரான்ஸ்போமர் வைத்தும் ஓட்டலாம்தான். ஆனால் ஒழுகும் கூரைக்குக் கீழே, ஈரப் படுக்கையில் அந்த ஏற்பாடு தேவையா? நம் பக்கம் மாரியில்கூட இரவு வெப்பம் 22 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. உங்களை வாட்டுவது குளிரைவிட ஈரம்தான்.

மகளிடம் பொலியஸ்டர் ஃப்ளீஸ் போர்வை ஒன்று கேளுங்கள். அது நீரை அதிகம் உறிஞ்சாது. அலசிப் பிழிந்து ஃபேனுக்குக் கீழே போட்டால் பருத்திப் போர்வையைவிட வெகு சீக்கிரம் காயும். கால் சூட்டுக்கு பார்மசியில் விற்கும் இறப்பர் வெந்நீர்ப் பை போதும். கொதிநீர் ஊற்றாமல், கொஞ்சம் ஆறிய நீரை மூன்றில் இரண்டு பங்குக்கு நிரப்பி, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, துவாயில் சுற்றுங்கள். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் காலில் வைக்கவே கூடாது. சுடுவது தெரியாமலே தோல் வெந்துவிடும்.

ஒரே அளவு ரீசார்ஜ் லைட் இரண்டு. ஒன்றின் விலை மற்றதைப்போல் இரு மடங்கு. போன வருடம் மலிவானதை வாங்கி, இந்த மாரிக்கு எடுத்தால் எரியவில்லை. ஏன்? (காத்தான்குடி)

மலிவான லைட்டுகள் பலவற்றில் இருப்பது 4 வோல்ட் ஈய பற்றரி. அது சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே தகடுகளில் உப்புப் படிந்து செத்துவிடும். பிறகு எத்தனை மணி நேரம் செருகினாலும் ஏறாது. உங்கள் அலுமாரியில் நடந்த அதே கேடு கடை அலுமாரியிலும் நடக்கும். போன மாரிக்கு எடுத்து விற்காமல் மிஞ்சிய சரக்கு நவம்பரில் மறுபடி முன்னுக்கு வரும். ஆகவே பெட்டியில் தயாரித்த திகதியைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, கடையிலேயே பதினைந்து நிமிடம் எரியவிடச் சொல்லுங்கள். அதற்குள் மங்கினால் வாங்காதீர்கள். வாங்கியபின் மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். எந்நேரமும் செருகியே வைப்பதும் தவறு. மலிவான லைட்டில் சார்ஜ் நிறைந்ததும் தானாக நிற்கும் வசதி இராது.

லித்தியம் பற்றரி உள்ளது விலை கூட, ஆனால் அதுதான் நல்ல தெரிவு. பெட்டியில் எழுதிய எண்ணை மட்டும் நம்பவேண்டாம். 18650 என்ற விரல் நீளப் பற்றரி ஒன்றில் ஏறத்தாழ 3,500 மில்லி அம்பியர் மணிக்கு மேல் அடக்க முடியாது. அதன்மேல் 9,900 என்று அச்சிட்டிருந்தால் அது பொய். பவர் பாங்கிலும் இதே கதை: உண்மையான 20,000 என்றால் கையில் 350 கிராம் அளவில் கனக்க வேண்டும். பஞ்சுபோல இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

அடைமழையில் யன்னல் எல்லாம் பூட்டித்தான் சமைக்கிறோம். காஸ் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? (கல்முனை)

கடையில் தராசு கேளுங்கள். சிலிண்டரின் மேல் வளையத்தில் வெற்று எடை குறித்திருக்கும். அது 13.4 கிலோ என்றிருந்தால், 12.5 கிலோ காஸ் சேர்ந்து 25.9 காட்ட வேண்டும். சீல் அறுபடாமல் இருக்கிறதா என்றும், சீலை எடுத்தபின் வால்வுக்குள் இறப்பர் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமலோ வெடித்தோ இருந்தால் ரெகுலேட்டரை எவ்வளவு அழுத்திப் பூட்டினாலும் கசியும்.

டியூபை இரு முனையிலும் வளைத்துப் பாருங்கள். விறைத்து, மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். மழைக்கு வீட்டுக்குள் ஒதுங்கும் எலியும் அதைக் கடிக்கும். பூட்டியபின் சவர்க்கார நுரையை ஸ்பொஞ்சில் எடுத்து இணைப்புகளில் தடவுங்கள்; குமிழ் விட்டால் கசிவு. நெருப்புக்குச்சியால் சோதிக்கவே வேண்டாம். காஸ் காற்றைவிடக் கனம், நிலத்தோடு தேங்கும். அதனால் சாரல் அடித்தாலும் குசினிக் கதவு திறந்திருக்கட்டும், மேல் யன்னல் மட்டும் போதாது. 2021 கடைசியில் நாடெங்கும் அடுப்புகள் வெடித்ததை மறக்கவேண்டாம். மணம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, எல்லாரும் வெளியே போங்கள்.

திங்கட்கிழமைக்கு ஸ்கூல் உடுப்பு காய்வதில்லை. வோஷிங் மெஷின் வாங்கினால் எது நல்லது? (அக்கரைப்பற்று)

கிணற்றுத் தண்ணீர் என்றால் இரட்டைத் தொட்டி மெஷின் (துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒன்று). முழுத் தானியங்கி மெஷினுக்குத் தண்ணீர் வேகமாக வரவேண்டும். தண்ணீர்த் தாங்கி குழாயைவிட மூன்று மீற்றராவது உயரத்தில் இல்லாவிட்டால் பல மெஷின்கள் நிரம்பாமல் நின்றுவிடும். இரட்டைத் தொட்டிக்கு வாளியாலும் ஊற்றலாம். கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். கையால் துவைத்ததையும் சுழலும் தொட்டியில் மட்டும் போட்டு ஐந்து நிமிடம் பிழிந்து எடுக்கலாம். உடுப்பைச் சுற்றிலும் சமமாகப் பரப்பி, கூட வரும் பிளாஸ்டிக் தட்டை மேலே அமுக்குங்கள். இல்லாவிட்டால் மெஷின் ஆடிக் குதிக்கும். பிறகு ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டு ஃபேனைப் போட்டால் காலையில் இஸ்திரிக்குத் தயார்.

வாங்கி மூன்றாம் நாள் பழுதான லைட்டைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். (களுவாஞ்சிக்குடி)

பில் இருக்கிறதா? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பில் தரவேண்டியது வியாபாரியின் கடமை. முதலில் பில்லோடு நேரில் பேசுங்கள். மறுத்தால் நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். பொருளை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். வெப்பத் தாளில் அச்சிட்ட பில் நாளாக நாளாக மங்கிவிடும். இன்றே அதையும் பெட்டியில் உள்ள தொடர் இலக்கத்தையும் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள்.