நெஞ்சுல பூஞ்சை: சிஸ்டர்கிட்ட கேளுங்க

நெஞ்சு நோய் வார்டுல ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ நான், வீடு ராயபுரம். நம்ம ஏரியால ஒருத்தருக்கு நுரையீரல்ல ஃபங்கஸ்னு சொன்னதுலேர்ந்து ஆளாளுக்கு என்னைய கேக்குறீங்க, அதான் இன்னிக்கு உக்காந்துட்டேன். மாத்திரை பேரு எழுதித் தர மாட்டேன். எக்ஸ்ரேவ ஜன்னல்ல ஒட்டி போட்டோ புடிச்சு அனுப்பாதீங்க, எனக்கு ஜன்னல் கம்பிதான் தெரியுது.

கேள்வி (கொருக்குப்பேட்டை): சிஸ்டர், அப்பாக்கு 58 வயசு. 2015ல டிபி வந்து ஆறு மாசம் மாத்திரை முழுசா சாப்ட்டாரு. இப்ப நாலு மாசமா இருமல், ஆளு ரொம்ப இளைச்சிட்டாரு, ரெண்டு தடவ சளில ரத்தம். சளி டெஸ்ட்ல டிபி இல்லன்னு வந்துச்சு, ஆனா திரும்ப டிபி மாத்திரையே போடலாம்னு ஒருத்தர் சொல்றாரு.

பதில்: இந்தக் கேள்வி வரும்னுதான் உக்காந்தேன். டிபி ஆறுனாலும் சில பேருக்கு நுரையீரல் மேல்பக்கத்துல ஒரு பொந்து நின்னுடும், கேவிட்டின்னு சொல்லுவாங்க. ஆஸ்பர்ஜில்லஸ்னு ஒரு பூஞ்சை, அதோட தூள் நாம இழுக்குற காத்துல எப்பவும் இருக்கு, நல்ல நுரையீரல் அத வெளிய தள்ளிடும், அந்தப் பொந்துல போய் உக்காந்தா தள்ள முடியாது, அங்கயே வளந்து உருண்டையாவும் ஆயிடும். எக்ஸ்ரேல உருண்டைக்கு மேல பிறை வடிவத்துல காத்து தெரியும். சிடி ஸ்கேன குப்புற படுக்க வச்சு எடுத்தா பல பேருக்கு அந்த உருண்டை எடம் மாறும், கண்ணால பாத்தாதான் நம்புவீங்க.

தொல்லை என்னன்னா அறிகுறி எல்லாம் டிபி மாதிரியே இருக்கும். மாசக்கணக்கா இருமல், சட்டை தொளதொளன்னு ஆகுறது, ஒரு மாடி ஏறுனா அசதி, சளில ரத்தம். காய்ச்சல் மட்டும் டிபி அளவுக்கு இருக்காது, பல பேருக்கு சுத்தமா இருக்காது. அறிகுறிய மட்டும் வச்சு எது எதுன்னு யாராலயும் பிரிக்க முடியாது, ஆளோட பழைய கதைய வச்சுதான் சந்தேகம் வரணும். பழைய டிபி, மூணு மாசத்துக்கு மேல இருமல், சளில டிபி கிருமி இல்ல, இந்த மூணும் சேந்தா "பூஞ்சைக்கு பாத்தாச்சா?"ன்னு நீங்களே வாய தொறந்து கேளுங்க. சிடி ஸ்கேன், ஆஸ்பர்ஜில்லஸ் ஐஜிஜின்னு ஒரு ரத்த டெஸ்ட், சளிய ஃபங்கல் கல்ச்சருக்கு அனுப்புறது, இந்த மூணுதான். டிபியும் பூஞ்சையும் ஒண்ணா இருக்குறவங்களும் உண்டு, அதனால டிபி இல்லவே இல்லன்னு நான் சொல்லல. ஆனா கண்ண மூடிட்டு டிபி மாத்திரை ஆரம்பிச்சா இன்னொரு சிக்கல், அதுல இருக்குற ரிஃபாம்பிசின் பூஞ்சை மாத்திரைய ரத்தத்துல நிக்கவே விடாது.

ரத்தம் விஷயம் தனியா சொல்றேன். கோடு கோடா வந்தா அன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க. வாய் நெறைய வந்தா, கால் டம்ளர் அரை டம்ளர்னு வந்தா, யோசிக்காம 108. வண்டி வர்ற வரைக்கும் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதோ அந்தப் பக்கம் கீழ இருக்குற மாதிரி ஒருக்களிச்சு படுக்க வைங்க, நல்ல பக்கத்துக்குள்ள ரத்தம் எறங்கக் கூடாது. வார்டுல நாங்க மொதல்ல கேக்குறதே "எந்தப் பக்கம் கொறகொறங்குது?"ன்னுதான், பாதி பேரு கைய வச்சு சரியா காட்டிடுவாங்க. அப்பாவ ஸ்டான்லி ஆஸ்பத்திரில நெஞ்சு நோய் ஓபிக்கு கூட்டிட்டு போங்க, 2015ல எடுத்த எக்ஸ்ரே, டிபி கார்டு எது இருந்தாலும் பீரோவுலேர்ந்து தேடி எடுத்துட்டு போங்க.

கேள்வி (திருவொற்றியூர்): வெள்ளையா சளி வருது, பூஞ்சையா?

பதில்: கலர வச்சு சொல்ல முடியாது.

கேள்வி (எர்ணாவூர்): 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல வீட்டுக்குள்ள தண்ணி நின்னுச்சு. அதுலேர்ந்து செவுத்துல கருப்பு கருப்பா பூஞ்சை, பெயிண்ட் அடிச்சும் திரும்ப வருது. பசங்க நெஞ்சுக்கு போயிடுமா?

பதில்: நல்லா இருக்குற பசங்களுக்கு நுரையீரல்ல பூஞ்சை தொத்து வர்றது அபூர்வம். வீசிங் இருக்குற புள்ளைக்கு அந்த செவுரு ஆகாது, இருமல் ஜாஸ்தி ஆகும். காஞ்ச பிரஷ் போட்டு தேய்க்காதீங்க, தூள் பறக்கும். மாஸ்க் போட்டு ஈரத்துணியால தொடைங்க, கசிவ அடைக்காம மேல எத்தன கோட் பெயிண்ட் அடிச்சாலும் அது வந்துட்டேதான் இருக்கும்.

கேள்வி (பெரம்பூர்): எனக்கு சின்ன வயசுலேர்ந்து ஆஸ்துமா. இப்ப ஒரு வருஷமா இன்ஹேலர் ஒழுங்கா போட்டும் அடங்கல, இருமுனா பழுப்பு கலர்ல கெட்டியா துண்டு துண்டா வருது. எக்ஸ்ரேல ஒரு தடவ இந்தப் பக்கம் நெழல், அடுத்த தடவ அந்தப் பக்கம்.

பதில்: கலர வச்சு சொல்ல முடியாதுன்னு இப்பதான் சொன்னேன், இவங்க சொல்றது கலர் மட்டும் இல்ல, கவனிங்க. ஆஸ்துமா அடங்கல, புளியங்கொட்ட கலர்ல கட்டி கட்டியா வருது, எக்ஸ்ரேல நெழல் எடம் மாறுது. இது ஏபிபிஏன்னு ஒரு நோயா இருக்கலாம், அதே ஆஸ்பர்ஜில்லஸ்தான், ஆனா இங்க தொத்தவிட அலர்ஜிதான் பெரிய பங்கு. இந்த நெழல பாத்துட்டு டிபின்னு மாத்திரை சாப்ட்டவங்க நெறைய பேர வார்டுல பாத்திருக்கேன். ஆஸ்பர்ஜில்லஸ் ஐஜிஇ, டோட்டல் ஐஜிஇ, ஈசினோஃபில், மூணும் ரத்தத்துலயே பாக்கலாம். விட்டா மூச்சுக்குழாய் விரிஞ்சு போய் அப்படியே நின்னுடும், தள்ளிப் போடாதீங்க. இட்ராகொனசோல் கேப்ஸ்யூல் எழுதுனாங்கன்னா சாப்பாட்டோட போடுங்க, கேஸ் மாத்திரை போடுறவங்கன்னா டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, கேஸ் மாத்திரை அத ஒடம்புல ஏற விடாது. எந்த இன்ஹேலர்னும் காட்டுங்க, புடசோனைடோட சேந்தா ஸ்டீராய்டு ஒடம்புல தேங்கும்.

கேள்வி (தண்டையார்பேட்டை): மெடிக்கல்ல ரெண்டு செட்டு மாத்திரை வாங்கி போட்டேன், இருமல் நின்னுச்சு, திரும்ப வந்துடுச்சு. பூஞ்சையா?

பதில்: என்னான்னு எனக்குத் தெரியாது, ஆனா அந்த செட்டுல சின்னதா ஒரு வெள்ளை மாத்திரை இருந்துச்சா? பாதி நேரம் அது ஸ்டீராய்டு. இருமல அமுக்கும், சக்கரைய ஏத்தும், பூஞ்சைக்கு கதவ தொறந்து வுடும். டாக்டர் அளவு பாத்து குடுக்குற ஸ்டீராய்டு வேற, செட்டுல வர்றது வேற. செட்டு வாங்காதீங்க.

கேள்வி (வியாசர்பாடி): மாடில நாப்பது புறா வளக்குறோம். வீட்டுக்காரருக்கு கூடு கழுவுன அன்னிக்கு ராத்திரி குளிர் காய்ச்சல், இருமல். ரெண்டு நாள்ல சரியாயிடுது. பூஞ்சையா சிஸ்டர்?

பதில்: நீங்க சொல்றத பாத்தா பூஞ்சை மாதிரி இல்ல, புறா எச்சம், சிறகு தூள் அலர்ஜி மாதிரி இருக்கு. சுத்தம் பண்ணி நாலஞ்சு மணி நேரம் கழிச்சு காய்ச்சல், நெஞ்சு இறுக்கம், ஒண்ணு ரெண்டு நாள்ல தானா போறது, அடுத்த தடவ கூட்டுக்குள்ள போனா திரும்ப வர்றது, இதான் அடையாளம். வருஷக்கணக்கா போனா நுரையீரல் தழும்பாயிடும், மாடி ஏற முடியாது. புறா எச்சத்துல கிரிப்டோகாக்கஸ்னு பூஞ்சையும் இருக்கும், அது எதிர்ப்பு சக்தி கொறஞ்சவங்களுக்குத்தான் பெரிய ஆபத்து, நுரையீரல் வழியா போய் மூளைக்காச்சல் வரைக்கும் கொண்டு போகும்.

கேள்வி (ஹோமர் புறா பார்ட்டி, புளியந்தோப்பு): இன்னா சிஸ்டர் இப்டி சொல்ட்டீங்க! எங்க தாத்தா காலத்துலேர்ந்து ஹோமர் புறாவும் கர்ணப் புறாவும் வச்சிகினு கீறோம், ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆவல. எண்ணூர் கரண்ட் பிளான்ட் சாம்பல பத்தி பேச மாட்டீங்க, புறா மேல பழி.

பதில்: தம்பி, புறாவ உடுன்னு நான் சொல்லல. அலர்ஜி எல்லாருக்கும் வராது, வந்தவங்களுக்கு வந்துடும். எண்ணூர் சாம்பல் நெஞ்சுக்கு கேடுதான், யாரு இல்லன்னது? ஆனா சாம்பல் காத்து வாரம் பூரா அடிக்குது, அந்தம்மா வீட்டுக்காரருக்கு கூடு கழுவுன ராத்திரி மட்டும்தான காய்ச்சல் வருது?

கேள்வி (அதே ஆளு): பந்தயப் புறாவ நாங்க கொழந்த மாதிரி வச்சிகினு கீறோம், தெனம் கூடு கழுவுறோம். அபார்ட்மெண்ட்ல ஏசி மேல கூடு கட்டுதே, அதுங்கதான் அழுக்கு.

பதில்: எச்சம் எச்சம்தான், அதுல பந்தயப் புறா சாதா புறா எல்லாம் இல்ல. தெனம் கழுவுறது நல்லதுதான், ஆனா தெனம் கூட்டுக்குள்ள போறதும் நீதான். தண்ணி தெளிச்சு எச்சத்த நனைச்சுட்டு அப்புறம் வாரு. துணி மாஸ்க் போதாது, என் 95 போடு. கழுவுற சட்டைய வீட்டுக்குள்ள போட்டுகினு வராத. இருமல் இருக்குறவன உள்ள அனுப்பாத.

கேள்வி (பட்டேல் நகர்): புறா ரத்தம் தேச்சா வாதம் போகும்னு சொல்றாங்களே?

பதில்: தலைப்பு நெஞ்சு. அடுத்தவங்க.

கேள்வி (கொடுங்கையூர்): பச்சையா சளி வருது, பூஞ்சையா?

பதில்: மேல படிங்க.

கேள்வி (பழைய வண்ணாரப்பேட்டை): இது ஒட்டுமா? அம்மாவுக்கு தட்டு டம்ளர் தனியா வச்சிருக்கோம்.

பதில்: ஆஸ்பர்ஜில்லஸ் ஆளுக்கு ஆள் ஒட்டாது. தட்ட எடுத்து உள்ள வைங்க, அவங்களோட உக்காந்து சாப்புடுங்க.

கேள்வி (ராயபுரம்): 2021ல கருப்பு பூஞ்சைன்னு வந்துச்சே, அதுவும் நுரையீரலுக்கு வருமா? அப்பாக்கு சக்கரை 380.

பதில்: வரும். அது மியூகர், அப்ப மூக்கு, கண்ணுலதான் நெறைய பாத்தோம், அந்த வருஷம் மே மாசத்துலயே கேஸ் வந்தா கண்டிப்பா தெரிவிக்கணும்னு தமிழ்நாட்டுல உத்தரவு போட்டாங்க. நுரையீரல்ல வந்தா மாசக்கணக்கா இழுக்காது, நாள் கணக்குதான். காய்ச்சல், நெஞ்சு வலி, ரத்தம், ஆன்டிபயாடிக் போட்டும் கேக்காது. அதுக்கு முன்னாடி 380ஓட இங்க எனக்கு டைப் பண்ணிட்டு இருக்கீங்களே! நாளைக்கு காலைல சக்கரைக்கு டாக்டர பாருங்க, வாந்தி, மூச்சு வாங்குறது இருந்தா இன்னிக்கு ராத்திரியே. மெடிக்கல்ல செட்டு மட்டும் வாங்கிடாதீங்க.

கேள்வி (பேர் வேணாம்): எச்ஐவிக்கு போடுற ஏஆர்டி மாத்திரை நடுவுல விட்டுட்டேன். வரட்டு இருமல், நடந்தா மூச்சு வாங்குது, எக்ஸ்ரே பெருசா ஒண்ணும் இல்லன்னுட்டாங்க.

பதில்: எக்ஸ்ரே நல்லா இருக்குன்னு இருந்துடாதீங்க. விரல்ல ஆக்சிமீட்டர் மாட்டிட்டு வீட்டுக்குள்ளயே ஒரு நிமிஷம் நடங்க, ஆக்சிஜன் எண் எறங்குச்சுன்னா நிறுத்திட்டு உடனே ஆஸ்பத்திரி. சிடி4ங்குற எதிர்ப்பு சக்தி செல் எண்ணிக்கை 200க்கு கீழ போனா நியூமோசிஸ்டிஸ்னு ஒரு பூஞ்சை நிமோனியா வரும், ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாமலும் இருக்கும். மருந்து இருக்கு, சீக்கிரம் போனா பொழைக்கலாம். ஆக்சிமீட்டர் எண் நல்லா இருந்தாலும் நாளைக்கே ஏஆர்டி சென்டருக்கு போங்க, திட்ட மாட்டாங்க, திட்டுனாலும் போங்க.

கேள்வி (ஹோமர் பார்ட்டி): சிஸ்டர், என் 95 போட்டா புறா என்னைய அடையாளம் தெரியாம மெரளுதே.

பதில்: பழகிக்கும்.

கேள்வி (கொருக்குப்பேட்டை): அப்பாக்கு சளி குடுக்க சொன்னா எச்சிலத்தான் துப்புறாரு. அப்புறம் கல்ச்சர்ல ஒண்ணும் வளரலன்னா பூஞ்சை இல்லன்னு விட்டுடலாமா?

பதில்: காலைல எழுந்ததும் வெறும் தண்ணில வாய கொப்பளிக்க சொல்லுங்க, ரெண்டு மூணு தடவ ஆழமா மூச்சு இழுத்து விட்டுட்டு அடி நெஞ்சுலேர்ந்து இருமி எடுக்கணும். டப்பால நுரையா மெதந்தா அது எச்சில், லேபுக்கு அது வேஸ்ட். கல்ச்சர்ல வளரலன்னா விட்டுடக் கூடாது, நெறைய பேருக்கு வளராது, அதனாலதான் ஐஜிஜி ரத்த டெஸ்ட் சொன்னேன். வளந்தாலும் வெறும் தூள் ஒட்டிட்டு இருந்திருக்கலாம், சிடி ஸ்கேனோட சேத்துதான் டாக்டர் முடிவு பண்ணுவாங்க. ரிப்போர்ட் வந்தா எனக்கு அனுப்பாதீங்க, அவங்ககிட்ட காட்டுங்க.