எக்ஸ்ட்ரா லைட் மாட்டுவதற்கு முன்: பிக்கப் ஓட்டுகிறவர்களின் கேள்விகள்

மழை தொடங்கிவிட்டால் எனக்கு வருகிற கேள்விகளில் பாதி ‘ராத்திரி ரோடு தெரியவில்லை’ என்பதுதான். தக்கலையில் ஒயரிங் வேலை பார்க்கிறேன். மீன் வண்டி, ரப்பர் ஷீட் வண்டி, பூ வண்டி, வாழைத்தார் வண்டி என்று எல்லாம் வரும், எல்லோருமே ராத்திரியிலும் விடியுமுன்னும் ஓட்டுகிறவர்கள். ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

அண்ணே, ராத்திரி 2 மணிக்கு மீன் லோடு ஏற்றிக் களியக்காவிளை வழியாகப் போகிறேன். ஆறு வருஷப் பிக்கப், ஹெட்லைட் மங்கல். 120 வாட் எல்இடி பார் (நீளமான பட்டை லைட்) ஒன்று போட்டால் போதுமா, ரெண்டு தனி லைட் போடணுமா? (குளச்சல்)

ரெண்டையும் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள் தம்பி. ஆறு வருஷ வண்டி என்கிறீர்கள், முதலில் ஹெட்லைட் கண்ணாடியை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். இப்போது வருவது கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். வெயிலில் மஞ்சளாகிச் சொரசொரப்பாகிவிடும், அதற்குப் பின்னால் எந்த பல்பு போட்டாலும் வெளிச்சம் அங்கேயே சிதறிப்போகும். தண்ணீர் பேப்பர் போட்டுத் தேய்த்து பாலிஷ் செய்தாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

அடுத்தது வோல்டேஜ். இன்ஜின் ஓடட்டும், ஹெட்லைட் எரியட்டும், மல்டிமீட்டரை முதலில் பேட்டரியில் வையுங்கள், அப்புறம் பல்பு ஹோல்டரின் பின்பக்கம் வையுங்கள். பேட்டரியில் 13.8, ஹோல்டரில் 12.4 என்று காட்டினால் மீதி 1.4 வோல்ட் ஒயரிலும் சுவிட்சிலும் கரைந்துபோகிறது. இது சின்ன விஷயமில்லை. ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறையும். ஹெட்லைட்டுக்கே ஒரு ரிலே செட் (சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டை ஆன், ஆஃப் செய்கிற பெட்டி) போட்டு பேட்டரியிலிருந்து நேரடியாகக் கரண்ட் கொடுத்தால், அதே 60/55 வாட் பல்பு புது வண்டி மாதிரி எரியும். பல்பையே 100/90 வாட் ஆக்குகிறவர்கள் உண்டு. பழைய ஒயரில் அதைச் செய்யாதீர்கள், ஹோல்டர் பழுப்பேறி உருகி ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவதுதான் எல்லோரும் மறப்பது. ஒன்றரை டன் ஏற்றினால் பின் பட்டை ஸ்பிரிங் அமுங்கி வண்டி மூக்கைத் தூக்கும். அப்போது உங்கள் வெளிச்சம் ரோட்டில் விழாது, ரோட்டோரப் பலாமரத்தின் கிளையில் விழும், எதிரே வருகிறவன் கண்ணில் விழும். டேஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று ஒரு திருகு இருந்தால் அது இதற்காகத்தான், 0 காலி வண்டிக்கு. அது இல்லாத வண்டியில் லோடோடு சமதளத்தில் நிறுத்தி, 10 மீட்டர் தள்ளி ஒரு சுவரில் டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு எங்கே விழுகிறது என்று பாருங்கள். லைட்டின் நடுமட்டத்தைவிட சுமார் 10 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் திருகி இறக்குங்கள்.

இந்த மூன்றும் முடித்தபிறகும் போதவில்லை என்றால், பம்பரில் தாழ்வாக ரெண்டு ஃபாக் லைட் போடலாம். எல்இடி பாரின் அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் 120 வாட்டை நம்பாதீர்கள். உண்மையான 120 வாட் என்றால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்க வேண்டும். என் மேஜையில் கிளாம்ப் மீட்டர் போட்டுப் பார்த்த மலிவு பார்கள் பலவும் 3, 4 ஆம்பியருக்கு மேல் போகவில்லை.

ரெண்டு 55 வாட் ஃபாக் லைட் போட்டேன், சுவிட்ச் பத்து நாளில் கருகிவிட்டது. கடைக்காரர் பெரிய சுவிட்ச் தருகிறேன் என்கிறார். (குலசேகரம்)

சுவிட்ச் பெரிதானால் கருகுவது கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ரெண்டு லைட்டும் சேர்ந்து 110 வாட், அதாவது 9 ஆம்பியருக்கு மேல். அதை டேஷ்போர்டு வரை மெல்லிய ஒயரில் கொண்டுவந்து திரும்பக் கொண்டுபோவதே தப்பு. ரிலே போடுங்கள். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30-ஆம் பின். 87-இலிருந்து லைட்டுக்கு. 85 பாடி எர்த். 86-க்கு சுவிட்சிலிருந்து வரும் ஒயர். சுவிட்ச் வழியாக ஓடுவது வெறும் 0.2 ஆம்பியர் போலத்தான் இருக்கும், ஆயுசுக்கும் கருகாது. 30-க்கும் 87-க்கும் 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் போடுங்கள். ரிலேயை பின்கள் கீழே பார்க்கிற மாதிரி மாட்டுங்கள், இல்லையென்றால் நம் மழைக்கு உள்ளே தண்ணீர் தேங்கும்.

ஃபியூஸ் பேட்டரி பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், லைட் பக்கத்தில் ஃபியூஸ் வைத்த ஒரு வண்டியில் நடுவழியில் ஒயர் பாடியில் உரசித் தோல் கிழிந்து புகைந்ததை நானே அணைத்திருக்கிறேன். ஃபியூஸ் அப்படியே இருந்தது, ஷார்ட் ஆன இடம் அதற்கு முன்னால் இருந்ததால்.

கேபினுக்கு மேலே 40 இன்ச் பார் போட்டிருக்கிறேன். ஆரல்வாய்மொழி தாண்டினால் விசில் மாதிரி ஊளையிடுகிறது, பானெட் வேறு பளபளக்கிறது. (தோவாளை)

விடியுமுன் பூ ஏற்றுகிறவர் என்று நினைக்கிறேன். அந்தக் கணவாயில் காற்று எப்படி அடிக்கும் என்று முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியுமே. பாரின் பின்னால் சீப்பு மாதிரி இருக்கும் அலுமினியப் பற்களுக்குள் காற்று புகுந்துதான் அந்தச் சத்தம். மேல்விளிம்பில் கதவுக்குப் போடுகிற ரப்பர் பீடிங்கை நீளமாகச் செருகினால் பெரும்பாலும் அடங்கும்.

பானெட் பளபளப்புக்கு மருந்து இல்லை. மேலிருந்து விழுகிற வெளிச்சம் பானெட்டில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்புகிறது. மழை பெய்தால் இன்னும் மோசம், கண்ணுக்கு நேர் முன்னால் ஒவ்வொரு துளியும் வெள்ளையாக மின்னும், அதற்கு அப்பால் எதுவும் தெரியாது. கழற்றிவிடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம், அடுத்த கேள்வியையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேரளா போகிறபோது லைட்டுக்கு ஃபைன் போடுகிறார்கள், தமிழ்நாட்டில் பரவாயில்லையா? (மார்த்தாண்டம்)

சட்டம் ரெண்டு பக்கமும் ஒன்றுதான், சோதனையின் கெடுபிடிதான் வேறு. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 111-ஆம் விதி, பதிவு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் வைக்கக் கூடாது என்கிறது. 106-ஆம் விதி, முன்னால் எரியும் எந்த லைட்டும் எதிரே இருப்பவர் கண்ணைக் கூசாதபடி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. வண்டியை அனுமதியில்லாமல் மாற்றினால் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், இது மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ(4) பிரிவு. லைட் மாட்டுவதற்காகவே புல் பார் (பம்பருக்கு முன்னால் மாட்டுகிற இரும்புக் கம்பி) போடுகிறவர்களுக்கும் சொல்கிறேன், 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்கு எதிராக மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பிவிட்டது. உங்கள் மாடலுக்குக் கம்பெனியே ஃபாக் லைட் கொடுத்திருந்தால் அதையே அதன் இடத்தில் மாட்டுங்கள், எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) காட்டும்போதும் நிம்மதி.

மஞ்சளா வெள்ளையா? (கீரிப்பாறை)

மழைக்கும் மலையில் இறங்குகிற மஞ்சுக்கும் மஞ்சள், இல்லையென்றால் 4300 கெல்வினுக்குள் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற அளவு, எண் கூடினால் நீலம் கூடும்) ஒரு வெதுவெதுப்பான வெள்ளை. 6500 கெல்வின் நீலவெள்ளை கடையில் பிரகாசமாகத் தெரியும், நனைந்த தார் ரோட்டில் உங்களைக் கைவிட்டுவிடும். ஆனால் நிறத்தைவிட மாட்டுகிற உயரம்தான் முக்கியம், எவ்வளவு தாழ்வோ அவ்வளவு நல்லது.

லைட் போட்டால் ரேடியோ இரைகிறது.

மலிவு எல்இடிக்குள் கரண்டைக் கட்டுப்படுத்துகிற டிரைவர் சர்க்யூட் செய்கிற வேலை. பிளஸ், எர்த் ரெண்டு ஒயரையும் முறுக்கிக் கொண்டுபோய் எர்த்தை நேராக பேட்டரி மைனஸில் கொடுத்துப் பாருங்கள், ஒயரில் இரைச்சலை அடக்குகிற ஒரு ஃபெரைட் வளையம் மாட்டுங்கள். அப்படியும் இரைந்தால் லைட்டை மாற்றுவதுதான் வழி.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை லைட் செத்துப்போகிறது. மீன் வண்டிதான். (முட்டம்)

லைட் சாகவில்லை, ஒயர் செத்திருக்கிறது. போன மாதம் இதே மாதிரி ஒரு வண்டியில் கனெக்டரைக் கழற்றினேன், உள்ளே பச்சையாகக் களிம்பு. ஒயரின் தோலை உரித்துக்கொண்டே போனேன், ஒரு சாண் தூரம் வரை செம்பு கரிக்கட்டை மாதிரி கறுத்திருந்தது. உப்புத்தண்ணீர் ஒயருக்குள்ளேயே ஏறிப்போகும். முறுக்கி டேப் சுற்றுகிற வேலை கடற்கரை வண்டிக்கு ஆகவே ஆகாது. வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி ஒட்டுகிற உறை), தூசியும் தண்ணீரும் புகாத ஐபி67 லைட், கனெக்டருக்குள் கொஞ்சம் கிரீஸ். எர்த் போல்ட் அடியில் பெயின்டைச் சுரண்டி இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். ஐஸ்தண்ணீர் வடிகிற குழாய் எங்கே போகிறது என்றும் பாருங்கள், அதன் கீழே ஒயர் ஓடக் கூடாது.

எதிரே வருகிறவன் டிம் அடிக்கவே மாட்டேன் என்கிறான். நானும் எல்லா லைட்டையும் போட்டால்தான் அடங்குவான்போல. (அருமனை)

கோபம் புரிகிறது தம்பி, எனக்கும் வரும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகிறீர்கள். கண் கூசி மூன்று வினாடி தெரியாமல் போனால் 50 மீட்டர், அதுவும் ரெண்டு பேருக்கும். உங்கள் பக்கத்து ரோட்டில் ரெண்டு வண்டி ஒதுங்குவதே கஷ்டம், அந்த ஐம்பது மீட்டரில் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர் தலையில் டார்ச்சோடு சைக்கிளில் போய்க்கொண்டிருப்பார். நீங்கள் டிம் செய்து, வேகத்தைக் குறைத்து, இடது ஓரத்தைப் பார்த்து ஓட்டுங்கள்.

உங்கள் கை கோபத்தில் சுவிட்சுக்குப் போகாமல் இருக்க ஒரு வழி உண்டு. ரிலேயின் 86-க்கு வருகிற சுவிட்சுக்கு, பேட்டரிக்குப் பதில் ஹை பீம் ஒயரிலிருந்து கரண்ட் எடுங்கள். டிம் அடித்த உடனே எக்ஸ்ட்ரா லைட்டும் தானாக அணைந்துவிடும். தூரத்துக்கு அடிக்கிற லைட் மாட்டி என்னிடம் வருகிற எல்லா வண்டிக்கும் கேட்காமலே இப்படித்தான் கொடுக்கிறேன். தாழ்வான ஃபாக் லைட்டுக்கு இது வேண்டாம், அதை டிம்மோடு போடலாம்.

எஸ்டேட்டில் ராத்திரி லோடு ஏற்றப் பின்னால் ஒரு லைட் வேணும். (பேச்சிப்பாறை)

தாராளமாகப் போடுங்கள், 20 வாட் எல்இடி ஒன்றே போதும். கேபினுக்குள் சுவிட்சோடு, அது எரிவதைக் காட்டுகிற ஒரு சிவப்புப் பொட்டு லைட்டும் வையுங்கள். இல்லையென்றால் அணைக்க மறந்து ரோட்டுக்கு வந்துவிடுவீர்கள், பின்னால் பைக்கில் வருகிறவருக்கு உங்கள் வண்டி வருகிறதா போகிறதா என்றே தெரியாது.