யானைக்கு நீட்டிய வாழைப்பழம்

கேள்வி: பாடசாலை விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வந்திருந்த மாமியின் குடும்பத்தாரோடு வான் பிடித்துப் பொத்துவில் பக்கம் சென்றோம். அறுகம்பையையும் உகந்தை முருகனையும் பார்த்துவிட்டு, யானை பார்க்கவென்று மாலையில் லகுகலைக்குப் போனபோது வீதியோரத்தில் ஒரு யானை நின்றது. பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று வான் கண்ணாடியைத் திறந்து ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தோம். சாரதித் தம்பி எங்களை ஏசிவிட்டு உடனே வானை எடுத்துவிட்டார். மாமிக்குப் பெரிய மனவருத்தம். வாயில்லாச் சீவனுக்கு உணவு கொடுப்பது புண்ணியம்தானே?
(வாசகி, களுவாஞ்சிகுடி)

பதில்: சாரதி செய்தது முற்றிலும் சரி. மாமியின் வருத்தம் எனக்கு விளங்குகிறது. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஊருக்கு வந்தவர், பேரப்பிள்ளைகளுக்கு ஒரு காட்சியைக் காட்ட விரும்பியிருக்கிறார். ஆனால் அந்தக் காட்சிக்கான விலையைக் கொடுக்கப்போவது உங்கள் வானில் இருந்த எவரும் அல்ல என்பதால், இதை வெளிப்படையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

வளர்ந்த யானையொன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ புல்லும் இலையும் பட்டையும் தின்னும். உங்கள் ஒரு சீப்புப் பழத்தால் அதன் வயிறு நிறையப்போவதில்லை. வாகனம் வந்து நின்றால் இனிப்பான தீனி கிடைக்கும் என்ற பழக்கம் மட்டும் அதற்கு ஏற்பட்டுவிடும். புத்தளையிலிருந்து கதிர்காமம் செல்லும் வீதியில் வாகனங்களை மறித்துத் தும்பிக்கையை உள்ளே விட்டுத் துழாவும் யானைகளும், உடவளவையில் மின்சார வேலியோரம் நாள் முழுவதும் பழத்துக்காகக் காத்து நிற்கும் யானைகளும் இப்படிப் பழக்கப்பட்டவையே. நீங்கள் போன பிறகு அதே இடத்தால், மனைவியையும் பிள்ளையையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஒருவர் இருட்டில் வருவார். அவரிடம் வாழைப்பழம் இருக்காது. ஏற்றிக்கொள்ளக் கண்ணாடியும் இருக்காது.

அந்த யானை ஏன் வீதியோரத்தில் நின்றது என்பதையும் யோசித்துப் பாருங்கள். 1980இல் பிரகடனப்படுத்தப்பட்ட லகுகலைத் தேசியப் பூங்கா 1,554 ஹெக்டயர் மட்டுமே கொண்ட சிறிய பூங்கா. யானைக்கூட்டங்கள் அதற்குள்ளேயே ஆண்டு முழுவதும் வாழ முடியாது. வடமேற்கே கல்லோயாக் காட்டுக்கும் தெற்கே குமணை, யாலைக் காடுகளுக்கும் இடையில் அவை போய்வரும் வழியில் லகுகலையின் குளங்கள் இருக்கின்றன. மற்ற இடங்கள் காயும் மாதங்களில் குளத்துப் புல்லைத் தேடி அவை அங்கே வருகின்றன. பொத்துவிலிலிருந்து மொனராகலைக்குப் போகும் வீதி அந்த வழியின் குறுக்கே கிடக்கிறது. வீதியைக் கடந்து புல்லுக்குப் போக வேண்டிய மிருகத்தை நாம் பழம் காட்டி வீதியிலேயே நிற்கவைக்கிறோம்.

நீங்கள் மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் இருக்கிறீர்கள். ஒரு நாள் வாவியைக் கடந்து மேற்கே படுவான்கரைக்குப் போய், வெல்லாவெளிப் பக்கத்திலோ வவுணதீவுப் பக்கத்திலோ வேளாண்மை செய்கிறவர்களிடம் யானையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பெரும்போக நெல் குடலையாகி, கதிர் தள்ளத் தயாராகும் காலத்திலிருந்து வெட்டு முடியும்வரை, பகலில் உழைத்த களைப்போடு இரவில் பரணில் காவல் கிடப்பவர்கள் அவர்கள். கையில் இருப்பது ஒரு டோர்ச்சும் சில யானை வெடிகளும். அறுத்த நெல்லை வீட்டில் அடுக்கினால் அதன் மணத்துக்கு யானை சுவரை உடைக்கிறது. 2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கை முழுவதும் 450க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. யானைகளால் 150க்கு மேற்பட்ட மனிதர்கள் இறந்தார்கள். மனிதருக்கு அஞ்சி விலகும் யானையை ஒரு வெடிச்சத்தத்தால் காட்டுக்குத் திருப்பலாம். மனிதர் கையிலிருந்தே தின்று பழகிய யானை அந்தச் சத்தத்துக்கு அசையாது. அதற்குப் பிறகு துவக்கும், தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடியும் வருகின்றன. வாய் சிதைந்த யானை தின்ன முடியாமல் பல நாள் பட்டினி கிடந்து சாகிறது.

புண்ணியம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆடிவேல் திருவிழாவுக்கு உகந்தையிலிருந்து குமணை வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்களை உங்கள் ஊரிலேயே பலர் அறிவார்கள். யானைக்காட்டுக்குள் கூட்டமாக, அரோகரா சொல்லி நடக்கிறார்கள். யானை எதிர்ப்பட்டால் நின்று வழிவிடுகிறார்கள். பக்தியில் அவர்கள் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். கோயில் யானைக்குப் பழம் கொடுக்கப் பாகன் பக்கத்தில் நிற்கிறான். காட்டு யானைக்கு அப்படி ஒருவனும் இல்லை.

பழம் சுற்றியிருந்த பையை என்ன செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கை விழுங்கி, 8 ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்ததாக 2022இல் செய்தி வெளியானது. பையை வீதியில் விட்டிருந்தால் அதுவும் ஒரு யானையின் வயிற்றுக்குள்தான் போகும்.

உறவினர்களுக்கு யானை காட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தாராளமாகக் காட்டுங்கள். மாமி குடும்பம் அடுத்த முறை பங்குனிக்கும் ஆனிக்கும் இடையில் வந்தால் இங்கினியாகலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். 1954இல் பிரகடனப்படுத்தப்பட்ட கல்லோயாத் தேசியப் பூங்காவில், சேனநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தின் மேல் படகில் போகலாம். தீவுக்குத் தீவு யானைகள் நீந்திக் கடப்பதைக் காணக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஒரே நாளில் பாசிக்குடா முதல் உகந்தை வரை எல்லாவற்றையும் முடிக்க நினைக்காமல், அந்த ஒரு நாளை அதற்கென்றே ஒதுக்குங்கள். விடியற்காலைப் படகில் ஏறுங்கள். நீந்தும் கூட்டத்தில் குட்டி இருந்தால், இன்னும் கிட்டப் போகும்படி படகோட்டியை வற்புறுத்த வேண்டாம். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அவை கரையேறும்வரை தூரத்திலேயே இருக்கச் சொல்லுங்கள்.