மாலை போடுகிறவரை விடுங்கள், பின்னால் நிற்பவரைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் பக்கம் ஒரு பழைய தியேட்டரை இடித்தபோது வெளியே வந்த 6 ரீல் டப்பாக்களைக் காயலாங்கடையில் வாங்கி மொட்டைமாடி ஷெட்டில் வைத்திருக்கிறேன். மூடியில் ‘நியூஸ் - தமிழ்’ என்று எழுதியிருக்கிறது. “மந்திரிக்கு மாலை போடுற அரசாங்கப் பிரசாரம், இதுல என்ன சரித்திரம்? எடைக்குப் போட்டுடு” என்கிறார் நண்பர். புரொஜக்டரில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யலாமா?
- வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: எடைக்குப் போடாதீர்கள். ஓட்டியும் பார்க்காதீர்கள். இன்றைக்கே அந்த டப்பாக்களை மாடியிலிருந்து கீழே இறக்குங்கள். சித்திரை வெயிலில் தகர ஷெட்டுக்குள் பிலிம் வெந்துபோகும். உங்கள் ஊர்க் கடல் காற்றின் உப்பு டப்பாவைத் துருப்பிடிக்க வைக்கும். அந்தத் துருத்தூள் பிலிமில் விழுந்தால் ஒவ்வொரு சுற்றிலும் கீறல்தான்.

உங்களிடம் இருப்பது அந்தக் காலத்தில் கொட்டகையில் போட்ட அரசுச் செய்திப் படமாக இருக்க வேண்டும். நண்பர் சொல்வதில் பாதி சரி, அது பிரசாரம்தான். ஆனால் அந்தப் பிரசாரத்துக்கே ஒரு சரித்திரம் இருக்கிறது. 1943-ல், யுத்த நேரத்தில், அரசு அங்கீகரித்த படங்களைக் கொட்டகைகள் கட்டாயம் போட்டே ஆகவேண்டும் என்று பாதுகாப்பு விதிகளின் கீழ் வெள்ளைக்கார அரசு உத்தரவு போட்டது. அப்படிப் படங்களை எடுத்துவந்த அரசுப் படப்பிரிவுக்கு 1946-ல் மத்திய சட்டசபை பணம் தர மறுத்துவிட, அதை இழுத்து மூடினார்கள். அதனால் 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்திய அரசின் கையில் சொந்தமாக ஒரு படப்பிரிவு இல்லை. தனியார் கேமராக்காரர்களும் வெளிநாட்டு நியூஸ் ரீல் கம்பெனிகளும் எடுத்ததை வைத்துத்தான் அந்த நாளை இன்றும் பார்க்கிறோம். மறு வருஷம் அரசின் சொந்தப் படப்பிரிவாகப் பிலிம்ஸ் டிவிஷன் வந்தது. சுதந்திர அரசும் அதே கட்டாயத்தைக் கொண்டுவந்தது, கொட்டகைக்காரரிடம் வாடகையும் வாங்கியது. ஆட்சி கைமாறியபோது எது மாறவில்லை என்பதற்கு இதைவிடக் கண்ணெதிர்ச் சாட்சி வேண்டுமா?

செய்திப் படத்தைப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. பிலிமை ஸ்கேன் செய்து டிஜிட்டல் பிரதி கிடைத்ததும் முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். அன்றைய செய்திப் படங்களில் பெரும்பகுதி ஊமையாக எடுக்கப்பட்டு, வர்ணனையும் இசையும் பிறகு ஏற்றப்பட்டவை. ஒரே காட்சிக்குப் பல மொழிகளில் குரல் ஏறும். கேட்கிற கைதட்டல் அந்தக் கூட்டத்தில் எழுந்ததுதான் என்று நம்பிவிடக் கூடாது. அன்றைய சின்னக் கையடக்கக் கேமராவில் 100 அடி பிலிம்தான் போகும். வினாடிக்கு 24 பிரேம் வீதம் ஓடினால் ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மூன்று மணி நேரக் கூட்டத்தில் எந்த ஒரு நிமிஷத்தைப் பிடிப்பது என்று கேமராக்காரர் முடிவு செய்தாரே, அந்த முடிவுதான் அரசின் கண்.

மந்திரி கழுத்தில் மாலை விழும்போது நீங்கள் அவரைப் பார்க்காதீர்கள், பிரேமின் ஓரத்தைப் பாருங்கள். யாருக்கு நாற்காலி, யார் தரையில்? பெண்கள் எங்கே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள்? எத்தனை காலில் செருப்பு இருக்கிறது? இதையெல்லாம் யாரும் காட்ட நினைத்து எடுக்கவில்லை. அதனாலேயே இது பொய் சொல்லாது. காலத்தைக் கணிக்கவும் ஓரம்தான் உதவும். சென்னைத் தெருவில் டிராம் ஓடினால் 1953 ஏப்ரலுக்கு முந்தையது. விலைப் பலகையில் ‘ந.பை.’ (நயா பைசா) என்றிருந்தால் 1957 ஏப்ரலுக்குப் பிந்தையது. ‘20 அம்சத் திட்டம்’ என்று தட்டி தெரிந்தால் 1975 ஜூலைக்குப் பிந்தையது, அதாவது நெருக்கடி நிலைக் காலமோ அதற்குப் பிறகோ. அந்த மாதிரிச் சுருளில் எது தெரிகிறது என்பதோடு எது தெரியவில்லை என்பதையும் எழுதி வையுங்கள்.

இதற்கெல்லாம் பிலிம் பிழைக்க வேண்டும். காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் நெருப்போ சிகரெட்டோ இல்லாமல், மூடியைத் திறங்கள். 35 மி.மீ. பிலிமின் ஓரத்தில் ஆங்கிலத்தில் ‘சேஃப்டி’ என்று இருந்தால் அசிடேட், எளிதில் தீப்பிடிக்காத ரகம். ‘நைட்ரேட்’ என்று இருந்தாலோ, பிலிம் பிசுபிசுத்து பழுப்புத் தூளாக உதிர்ந்தாலோ தொடாமல் மூடிவிட்டு வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். 1950-களின் தொடக்கம் வரை புழக்கத்தில் இருந்த ரகம் அது. தீப்பிடித்தால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தந்துகொள்ளும், தண்ணீருக்குள்ளும் எரியும். புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்களே 2003 ஜனவரியில் தீக்கு இரையாயின.

அசிடேட்டில் காடி (வினிகர்) வாடை அடித்தால் அழுகல் தொடங்கிவிட்டது. அந்த ஆவி பக்கத்து டப்பாவையும் கெடுக்கும், தனியே பிரித்து வையுங்கள். இறுக்கி மூடாதீர்கள். பிளாஸ்டிக் பையிலும் கட்டாதீர்கள். அடுத்து, ஸ்டீல் ஸ்கேலை வைத்து, ஒரு ஓரத் துளையின் விளிம்பிலிருந்து 100 துளை தள்ளி இருக்கும் துளையின் அதே விளிம்பு வரை அளந்து பாருங்கள். 35 மி.மீ. பிரதியில் சுமார் 475 மி.மீ. வரவேண்டும். 470-க்குக் கீழே வந்தால் 1 சதவீதத்துக்கு மேல் சுருங்கிவிட்டது என்று அர்த்தம். புரொஜக்டரின் பல் துளையில் உட்காராமல் பிலிமைக் கிழித்துக்கொண்டே போகும். ஓட்ட வேண்டாம் என்று நான் சொன்னது இதனால்தான். பூஞ்சை இருந்தால் ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. பூஞ்சை தின்ற எமல்ஷன், அதாவது படம் பதிந்திருக்கும் மேல்பூச்சு, தண்ணீரில் கரைந்து படத்தோடு வந்துவிடும். ரப்பர் பேண்ட், செல்லோடேப் இரண்டும் வேண்டாம். டப்பாக்குள் இருக்கும் காகிதம் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

எடைக்கு வாங்குகிறவர் கருப்பு-வெள்ளைப் பிலிமில் இருக்கும் வெள்ளிக்குத்தான் காசு கொடுக்கிறார். அப்படிக் கரைந்த படங்கள் எத்தனையோ. 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படத்துக்கு இன்று பிரதியே இல்லை என்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். பிலிமின் அகலம், ஓர எழுத்து, வாடை, 100 துளை அளவு, தொடக்கத் துண்டில் இருக்கும் வரிசை எண், இவற்றோடு செல்போனில் எடுத்த படமும் போகட்டும்.  பதில் வரும்வரை எதையும் கூரியரில் அனுப்பாதீர்கள், நைட்ரேட் என்றால் ஆபத்து. அதற்குள் காயலாங்கடைக்காரரிடம் ஒருமுறை போய் வாருங்கள். அதே தியேட்டர் சாமானில் இன்னும் டப்பா மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள்.