குடுமிக் கோழிக்குச் சாரல் ஆகுமா?

கேள்வி: சித்திரையில் புனலூரிலிருந்து ஒரு சேவலும் மூன்று பெட்டைகளுமாகப் ‘போலிஷ் கேப்’ என்னும், தலையில் இறகுக் குடுமி உள்ள கோழிகள் வாங்கி வந்தேன். ஆண்டுக்கு 250 முட்டை இடும் என்றார் விற்றவர். வைகாசி வரை ஒன்றுவிட்டு ஒரு நாள் இட்டவை, ஆனியில் சாரல் தொடங்கியதும் நிறுத்திவிட்டன. ஒன்றின் கண்ணில் நுரை தள்ளுகிறது. எதுவும் அடைக்கு உட்காரவில்லை. நாட்டுக்கோழிகளோடு ஒரே கூட்டில்தான் அடைக்கிறேன். என்ன செய்வது?
– வாசகர், செங்கோட்டை

பதில்: 250 என்பது விற்பவரின் வாய்க்கணக்கு. அழகுக்காக வளர்க்கப்படும் இந்த இனம், நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 150 வெள்ளை முட்டைகள் அளவில் இட்டாலே நிறைவு கொள்ளலாம். அடைக்கு உட்காராததும் நோயன்று. போலிஷுக்கு அந்த உணர்வு மிகக் குறைவு. குஞ்சு வேண்டுமானால் முட்டைகளை நாட்டுக்கோழிக்கு அடை வையுங்கள். 21 நாளில் பொரித்துவிடும். (சில்க்கி என்ற இன்னொரு அழகுக்கோழி இனம் இதற்கு நேர்மாறு. பத்துப் பன்னிரண்டு முட்டை இடுவதற்குள் அடைக்கு உட்கார்ந்துகொண்டு, எழுப்பினால் சீறும்.)

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தக் கண் நுரைதான். ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் சாரல் நேராக விழுவதில்லை. காற்றோடு சாய்ந்து கம்பிவலைக்குள்ளும் நுழையும். நாட்டுக்கோழி ஒருமுறை உதறிவிட்டு மேயப் போய்விடும். போலிஷின் குடுமியோ நனைந்ததும் ஈரத்துணிபோலக் கண்ணை மூடிவிடுகிறது. வாயகன்ற சட்டியில் தண்ணீர் குடிக்கும்போது மறுபடியும் தோய்ந்து, அதில் தீவனத் தூள் அப்பி, கண் புண்ணாகிறது. கண் மறைந்த கோழி தீவனத்தட்டுக்குக் கடைசியாக வருகிறது, வந்தாலும் நாட்டுக்கோழிகளிடம் கொத்து வாங்குகிறது. அரைவயிறும் அச்சமும் ஈரமும் சேர்ந்தால் எந்தப் பெட்டையும் முட்டையை நிறுத்திவிடும்.

இன்றிரவு டார்ச் வெளிச்சத்தில் குடுமியை விலக்கி, இறகின் அடியைப் பாருங்கள். அங்கே வெள்ளை ரவைபோல ஒட்டியிருப்பது பேன் முட்டை. அதற்கான மருந்தைக் கேட்டு வாங்கி, கண்ணில் படாமல் போட வேண்டும். கண்ணை மறைக்கும் இறகுகளை மட்டும் முனை மழுங்கிய கத்தரிக்கோலால் குறைத்துவிடுங்கள். நீல உறையோடு முளைக்கும் புதிய இறகை வெட்டினால் இரத்தம் வரும், அதைத் தொடாதீர்கள். நுரை தள்ளும் கோழியைத் தனியே பிரித்து, கால்நடை மருந்தகத்தில் காட்டிவிடுவது நல்லது. தும்மலும் முகவீக்கமும் சேர்ந்திருந்தால் மற்றவற்றுக்கும் பரவக்கூடும்.

கூட்டைக் கட்டாயம் பிரியுங்கள். இந்த இனத்தின் மண்டையோடு குடுமிக்குக் கீழே புடைத்திருக்கும். அவ்விடத்தில் எலும்பு முழுதாக மூடியிராத குஞ்சுகளுக்குத் தலையில் விழும் ஒரு கொத்தே உயிருக்கு உலை வைக்கலாம். நான்கு கோழிகளுக்கு 16 சதுர அடி உள்ளறையும், அதைப் போல் இரண்டு மடங்கு கூரையிட்ட உலாவிடமும் போதும். தரையில் நான்கு அங்குல உமி ஆழ்கூளம் போட்டு, ஈரம் கண்ட இடத்தை உடனுக்குடன் அள்ளிவிடுங்கள். மேற்குப் பக்கத்தை ஓலைத்தட்டியால் மறைத்து, காற்றோட்டத்துக்கு மேலே ஒரு சாண் விடுங்கள். சட்டிக்குப் பதிலாக, கொத்தினால் மட்டும் நீர் சொட்டும் நிப்பிள் வைத்தால் குடுமி நனையாது. பரண்கம்பு ஒன்றரை அடி உயரத்துக்கு மேல் வேண்டாம். மூன்று பெட்டைக்கும் மங்கலான மூலையில் முட்டையிட ஓரடிப் பெட்டி ஒன்று போதும். ஆனால் அதை இடம் மாற்றாதீர்கள், பார்வை குறைந்த கோழி பழக்கத்தால்தான் வழி காண்கிறது.

கத்தரித்த குடுமி அடுத்த இறகு உதிர்ப்பு வரை வளராது. ஆவணிக்குப் பிறகும் முட்டை திரும்பாவிட்டால், என்ன தீவனம் போடுகிறீர்கள் என்பதோடு மறுபடி எழுதுங்கள்.