சிவப்பு என்றால் ரத்தம்தானா?

கேள்வி: மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலில் சிவப்பு உடை எதன் குறியீடு? எங்கள் வாசகர் வட்டத்தில் 'ரத்தம்' என்று முடித்துவிட்டார்கள்.
– வாசகி, குன்னூர்

பதில்: அவசரப்பட்டுவிட்டார்கள். 1985இல் வந்த அந்நாவல் காட்டும் சர்வாதிகார நாட்டில் நிறம் முதலில் சீருடை. உயரதிகாரிகளின் மனைவியருக்கு நீலம், வீட்டுவேலை பார்க்கும் மார்த்தாக்களுக்குப் பச்சை, அந்த அதிகாரிகளுக்குப் பிள்ளை பெற்றுத்தர வேண்டிய 'ஹேண்ட்மெய்ட்'களுக்குச் சிவப்பு. யார் எதற்கென்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். (பெண்கள் படிக்கத் தடை, கடைப் பலகையில்கூடப் படம்தான்!) மதிலில் தொங்கும் பிணத்தின் முகத்துணியில் கசிந்த சிவப்பும் தோட்டத்துத் துலிப்பின் சிவப்பும் ஒன்றே. ஆனாலும் இரண்டுக்கும் தொடர்பில்லை என்கிறாள் கதைசொல்லியான ஹேண்ட்மெய்ட். 'ஒரு நிறம், ஒரு அர்த்தம்' என்கிற நோட்ஸ் பாணி வாசிப்பு சறுக்குவது இங்கேதான். சிவப்பு வரும் வரிகளைப் பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் 'அணிவித்தது யார், பார்ப்பது யார்' என்று குறியுங்கள். ஷூவுக்குள் ஒளித்த வெண்ணெயை அவள் தன் முகத்தில் பூசும் காட்சியையும் விட்டுவிடாதீர்கள்; சீருடைக்குள் இருக்கும் உடலை அங்கே அவளே கவனித்துக்கொள்கிறாள்.