எம்ஆர்ஐயில் வெண்பொருள் மாற்றம்: அழற்சிக்கு மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது, பல வருடங்களாக ரத்த அழுத்தம் இருக்கிறது. தலைவலிக்காக எடுத்த எம்ஆர்ஐயில் ‘வெண்பொருளில் சிறு ரத்தக்குழாய் சார்ந்த மாற்றங்கள், ஃபாசெகாஸ் 2’ என்று வந்திருக்கிறது. மூளையின் நோயெதிர்ப்புச் செல்கள் அழற்சியைக் கிளப்பி வெண்பொருளைச் சிதைக்கும் என்று படித்தேன். அழற்சியைக் குறைக்கும் மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் படித்தது தவறில்லை, ஆனால் பாதிதான்.

அந்தச் செல்களின் பெயர் மைக்ரோக்ளியா. 1919இல் ஸ்பெயின் அறிஞர் பியோ டெல் ரியோ ஓர்டேகா இவற்றைத் தனி இனமாக அடையாளம் காட்டினார். இவை கிளைகளை நீட்டிச் சுற்றுப்புறத்தை ஓயாமல் துழாவும். செத்த செல்லையும் உடைந்த துணுக்குகளையும் விழுங்கி அகற்றும். வெண்பொருள் என்பது நரம்பிழைகள் கற்றையாக ஓடும் பகுதி. இழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்ற கொழுப்பு உறைதான் அதற்கு வெண்மை தருகிறது.

அழுத்தம் வருடக்கணக்கில் அதிகமாக இருந்தால் வெண்பொருளுக்குப் போகும் நுண்ணிய தமனிகளின் சுவர் தடித்துப்போகும், ரத்த ஓட்டம் குறையும். அப்புறம் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு கசியத் தொடங்கும். ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜென் போன்ற புரதங்கள் உள்ளே வந்துவிடும். மூளைத் திசுவில் இருக்கக் கூடாத பொருள் அது. மைக்ரோக்ளியா உடனே உருமாறி, அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன் என்ற புரதங்களையும் வீரியமுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகளையும் வெளியிடும். மயலினை உருவாக்கும் செல்கள் இதைத் தாங்குவதில்லை. உறை நைந்து, கசிவும் தொடர, சேதம் மெல்லப் பரவும்.

மறுபாதியைத்தான் பலர் சொல்வதில்லை. உடைந்த மயலின் துணுக்குகள் கிடக்கும் இடத்தில் புது உறை சரியாக வளராது. அவற்றை அகற்றுவதும் இதே மைக்ரோக்ளியாதான். சிஎஸ்எஃப்1ஆர் என்ற மரபணுவில் கோளாறு உள்ளவர்களுக்கு மைக்ரோக்ளியா குறைந்து, செயலும் கெட்டுப்போகிறது. அவர்களுக்கு, பெரும்பாலும் 40களிலேயே, வெண்பொருள் கடுமையாகச் சிதைகிறது. இந்தச் செல்களை மொத்தமாக அடக்குவது மருத்துவமாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். நாப்ராக்சன், செலகாக்சிப் போன்ற அழற்சி நீக்கிகள் அல்சைமர் நோயைத் தடுக்குமா என்று பெரிய ஆய்வில் சோதித்தார்கள், தடுக்கவில்லை. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளைத் தொடர்ந்து எடுத்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம், ரத்த அழுத்தமும் கூடும். உங்கள் அம்மாவுக்கு நேர் எதிரான பலன் அது. ஆனால் மருத்துவர் எழுதித் தந்த ஆஸ்பிரின் ஏதாவது இருந்தால் அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதன் நோக்கம் வேறு.

மைக்ரோக்ளியாவைச் சீண்டுவதை நிறுத்துவதுதான் நம் கையில் இருக்கிறது, அதாவது ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது. அமெரிக்காவில் நடந்த ஸ்பிரிண்ட் ஆய்வின் எம்ஆர்ஐ பகுதி 2019இல் வெளியானது. மேல் அழுத்தத்தை 120க்குக் கீழ் வைக்க முயன்றவர்களுக்குச் சுமார் 4 வருடங்களில் வெண்பொருளில் பாதிக்கப்பட்ட பகுதி 0.92 கன செ.மீ. கூடியது, 140க்குக் கீழ் என்ற இலக்கு வைத்தவர்களுக்கு 1.45. வித்தியாசம் சிறியதுதான், ஆனாலும் உண்மையானது. அதற்காக ரத்த அழுத்த மாத்திரையை நீங்களே கூட்ட வேண்டாம். எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழும் ஆபத்து இந்த வயதில் உண்டு. ஒரு வாரம் காலையும் மாலையும் வீட்டிலேயே அழுத்தத்தை அளந்து எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள், இலக்கை அவர் முடிவு செய்யட்டும். சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனை, புகை இருந்தால் நிறுத்துவது, தினமும் நடை, இவையும் வேண்டும். பலத்த குறட்டை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஃபாசெகாஸ் என்பது வெண்பொருள் மாற்றம் எவ்வளவு என்று காட்டும், 0 முதல் 3 வரை போகும் அளவு. 2 என்றால் எம்ஆர்ஐயில் தெரியும் மாற்றப் புள்ளிகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கிவிட்டன என்று பொருள். தலைவலிக்கு இதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது, அதைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். நடை தள்ளாடுவது, எதையும் யோசித்துச் செய்ய முன்பைவிட அதிக நேரம் பிடிப்பது, சிறுநீரை அடக்க முடியாமை ஆகியவை தெரிந்தால் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். வாய் கோணினாலோ, ஒரு கை திடீரென வலுவிழந்தாலோ, பேச்சு குழறினாலோ காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.